ஆறு சிலிண்டரா, எட்டா?

"மச்சான், வடிவாக் கேளுங்க. ஆறா, எட்டா?"

ரதீஸ் ரொறொன்ரோவில் ஏதோ ஒரு காரின் புகைக்குழாய்க்கு நேரே கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தான். நான் மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியில் என் கராஜுக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

இது ஏழாவது ஞாயிறு.

ரதீஸ் என் மனைவி சுலோஜனாவின் தம்பி. அமெரிக்கக் கார் ஒன்று வாங்கப் போகிறான். ஆறு சிலிண்டர் எடுப்பதா, எட்டு எடுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் ஐயா தவிக்கிறார். பாவம், யாருக்கும் வரக்கூடாத கஷ்டம்.

ஆறு என்றால் முந்நூறு குதிரை வலுவாம். எட்டு என்றால் நானூறுக்கு மேலாம். ஆறு கொஞ்சமாகத்தான் பெற்றோல் குடிக்குமாம். எட்டு உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்குமாம்.

நான் பழுதுபார்க்கிற தோணி எஞ்சின்களுக்குப் பதினைந்து குதிரை. அதற்கு மேல் ஒரு குதிரையைக் கட்டினாலும் ஏன், எதற்கு, யாருக்கு என்று கேட்கக் கடற்படை ஆட்கள் வந்துவிடுவார்கள். யுத்தம் முடிந்ததென்று ரேடியோ சொல்லி இரண்டு கிழமை ஆகிறது. குதிரைகளுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

"சத்தத்தப் பாத்தா எட்டு," என்றேன்.

போன கிழமை கேட்கவைத்தது ஆறு. அதற்கு முந்தினது வேறொரு எட்டு. இங்கே காலை ஏழரை, அங்கே சனி இரவு பத்து. அந்த நேரத்திலும் கனடாவில் கார்க் கடைகள் திறந்திருக்கின்றன போலும். நல்ல நாடு.

ஆனால் இன்றைக்கு எனக்கு வேண்டியது சிலிண்டர் இல்லை. என் தங்கை கஜானிக்கு ஒரு பதில்.

ரதீசுக்கென்று அவள் காத்திருக்கத் தொடங்கி நாலு வருடம். வயது இருபத்தாறு முடிந்துவிட்டது. செட்டிபாளையத்து வாத்தியார் ஒருவருக்குப் பெண் கேட்டு, பத்து மணிக்கு அவர் வீட்டார் வருகிறார்கள். ஓமா இல்லையா என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

ரதீஸ் அவளைக் கேட்ட நேரமும் நல்ல நேரம்தான். சுனாமியில் கடல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன மூன்றாம் நாள். பள்ளிக்கூட முகாமில் பசிக்குப் பாண் வாங்க வரிசையில் நின்றோம். இரண்டு வீட்டிலும் ஒரு சைக்கிள்கூட மிஞ்சவில்லை. அந்த வரிசையில் நின்றுகொண்டு கஜானியைத் தருவீர்களா என்று கேட்டான், மாப்பிள்ளை.

எங்கள் பக்கம் மச்சானைப் பகிடி பண்ணாவிட்டால் அது மச்சான் உறவே இல்லை. "முதல் ஒரு கார் வாங்கு மச்சான், மறுகா பாப்பம்," என்றேன். மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த வரிசை அன்றுதான் சிரித்தது. ரதீஸ் தலையை ஆட்டினான். ஆறு மாதத்தில் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து வெளிநாடு போய்விட்டான்.

கஜானி இப்போது என் முன்னால் குந்தியிருந்து கம்பித் தூரிகையால் எஞ்சின் பிளக் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த வேகத்தில் பிளக் பாதியாகியிருக்கும்.

"எஞ்சினை விடு. கஜானிர விசயம் என்ன? இண்டைக்குச் சொல்லு."

"இன்னும் கொஞ்ச நாள் மச்சான். முதல் இந்தக் கார முடிவெடுப்பம்."

நாசமாய்ப் போனவன். என் தங்கையை விட அவனுக்குச் சிலிண்டர் பெரிது.

வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் அதட்டினார்கள். வெள்ளைக் காரைக் கெதியாக வாசலுக்குக் கொண்டு வா, சாப்பிட்டு முடித்த ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். தொண்டு நிறுவனங்களின் ஜீப்புகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஆங்கிலம் அந்தளவு விளங்கிக்கொள்ள எனக்குக் காணும்.

"யெஸ் சேர்," என்றான் ரதீஸ். தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டிருக்க வேண்டும். சாவிக்கொத்து குலுங்கியது. ஓடினான். ஒரு கார்க் கதவு அடித்துச் சாத்தியது.

ஏழு கிழமையாக நான் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் ஊரான் கார்கள்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. தொலைபேசியைக் கையால் பொத்தினேன்.

"இவன் ஹோட்டல் வாசல்ல ஆக்கள்ர காரக் கொண்டுபோய் நிப்பாட்டுற வேல செய்யிறான். சொந்தமா ஒரு கார்ச் சில்லுகூட இல்ல. நம்மளப் பேயனாக்கியிருக்கான்!"

கஜானி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பிளக்கை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தெரியும். போன முதல் மாசமே எனக்குச் சொல்லிப்போட்டார். உழைக்கிறதெல்லாம் சேர்த்துவைக்கிறார். எந்த எஞ்சின் உங்களுக்குப் பிடிக்கும் எண்டுதான் அவருக்கு விளங்கல்ல."

"எனக்கா? எனக்கு ஏன்?"

"நீங்கதானே அண்ணா கார் கேட்டீங்க."

"அது பகிடி!"

"எங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள். "செட்டிபாளையத்தாரை வரவேணாம் எண்டு சொல்லுங்க."

உள்ளே சுலோஜனா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாண் வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். கஜானி சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

தொலைபேசியைத் திரும்பக் காதில் வைத்தேன். ஓடி வந்த ரதீசுக்கு மூச்சு வாங்கியது.

"மச்சான், நிக்கிறீங்களா? சொல்லுங்க. ஆறா, எட்டா? உங்களுக்கு எது விருப்பம்?"

"கார் வேணாம் மச்சான்," என்றேன். "ஒரு சைக்கிளே போதும்."

ரதீஸ் சிரித்தான். அந்த வரிசை சிரித்ததுபோல, வயிறு குலுங்கச் சிரித்தான்.

"உங்கட பகிடி மட்டும் குறையல்ல மச்சான். சரி, எட்டையே எடுக்கிறன்."

"பகிடி இல்லடா!" என்று கத்தினேன்.

அவனுடைய தொலைபேசிக் கார்டில் காசு முடிந்து லைன் அறுந்திருந்தது.