கோடில்லாத ஊசி

"இது என்ன ஊசின்னு பார்த்துச் சொல்லுங்க வில்ஃப்" என்று நெவில் அந்தப் பித்தளை ஊசியை மேசை மேல் வைத்தார். பழி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று வில்ஃபுக்குப் பட்டது.

நெவிலின் மகன் டேரனை அடக்கம் செய்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பக்ஸ்டன் போகும் மேட்டுச் சாலையில், நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் திடீரென்று இறுகி நின்றுவிட்டது. வயது இருபத்துநாலு. பெல்பர் தேவாலயத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, நெவிலின் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட்டார் வில்ஃப்.

அதற்குக் காரணம் இருந்தது. மே மாதம் ஒருநாள் டேரன், வில்ஃப் பழைய வண்டிகளைப் பழுது பார்க்கும் இதே ஷெட்டுக்கு வந்து, மேட்டில் ஏறும்போது வண்டி பெட்ரோல் பத்தாமல் மூச்சு வாங்குகிறது, பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது என்றான். அவன் கழற்றிக் கொண்டுவந்திருந்த கார்புரேட்டரை வில்ஃப் பிரித்தார். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மேலே ஏறி பெட்ரோலுக்கு வழிவிடும் ஊசி ஒன்று அதற்குள் இருக்கும். அதன் தலையில் கீறியிருக்கும் கோடுகளை எண்ணித்தான் இன்ன ஊசி என்று அடையாளம் சொல்ல முடியும். டேரனின் வண்டிக்கு இரண்டு கோடு ஊசி வேண்டும். இருந்ததிலோ ஒரு கோடுகூட இல்லை.

பழைய ஊசிகள் கிடக்கும் தகர டப்பாவைத் துழாவி, சரியானதை எடுத்து, கழற்றியதன் பக்கத்தில் வைத்தார் வில்ஃப். அன்று காலைதான் தன் மூக்குக் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து அதை உடைத்திருந்தார்.

"கண்ணாடி மேல உக்காந்துட்டீங்களே பெரியவரே, இப்ப பின்னாடி நல்லாத் தெரியுதா?" என்றான் டேரன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, நகத்தால் கோட்டைத் தடவிப் பார்த்து, ஒன்றைக் காகிதத்தில் சுருட்டி அவன் பெயரை எழுதிக் கொடுத்தார் வில்ஃப். மற்றதை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். எதைச் சுருட்டினோம் என்ற கேள்வி, விபத்துச் செய்தி வந்த நாளிலிருந்து வில்ஃபைத் தூங்கவிடவில்லை.

இந்த ஊசி எங்கிருந்து கிடைத்தது என்று வில்ஃப் கேட்டார். போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் கார்புரேட்டரிலிருந்து தானே கழற்றியதாக நெவில் சொன்னார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்தான். ஆனால் பானெட்டைத் திறந்து பார்த்ததே இல்லை என்று ஊரே கிண்டல் செய்யும்.

"உங்களுக்கு எப்படிக் கழட்டத் தெரிஞ்சது?"

"அவன் மாட்டுனப்ப டார்ச் பிடிச்சது நான்தானே."

வில்ஃப் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. சரியான ஊசிதான் என்று சொல்லிவிட்டால் இந்த மனிதருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அப்படிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் மனசு அடித்துக்கொண்டது. டேரனின் சிரிப்பு காதில் கேட்டது. பொய் வரவில்லை.

"இது தப்பான ஊசி, நெவில்."

"இதப் போட்டா பெட்ரோல் கம்மியாத்தானே போகும்?"

"ஆமா."

"கம்மியாப் போனா?"

"எஞ்சின் சூடாகும். அவன் முறுக்க முறுக்க இன்னும் சூடாகி, பிஸ்டன் உருகி ஒட்டிக்கும். சக்கரம் சுத்தாது."

நெவிலுக்குக் கொடுத்த தேநீர் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. அவர் ஒரு கையை மேல்கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வில்ஃபுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணாடி இல்லாமல் எண்ணியதை, சிரித்துக்கொண்டே சுருட்டியதை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "தப்பு என்னோடது. உங்க பையனைக் கொன்னது நான்தான்" என்று சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார்.

"இல்ல" என்றார் நெவில்.

பையிலிருந்து கையை எடுத்து, ஒரு காகிதச் சுருளை மேசையில் வைத்தார். மேலே வில்ஃபின் கையெழுத்தில் டேரனின் பெயர். உள்ளே ஓர் ஊசி. வில்ஃப் எண்ணினார். மறுபடி எண்ணினார். இரண்டு கோடு.

அந்தச் செய்தி வந்த பிறகு இப்போதுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. அப்படி வந்ததற்காக அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

"நீங்க குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. மூணு வாரம் ஓட்டுனான். வண்டி பறக்குதுப்பா, பறக்குதுப்பான்னு வீடெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்."

"அப்ப பழசு எப்படி உள்ள வந்தது?"

"அவன் விழுந்த அந்த ஞாயித்துக்கிழமை காலையில அவன் குளிச்சுக்கிட்டிருந்தப்ப நான்தான் மாத்தி வெச்சேன்."

வில்ஃப் அவரையே பார்த்தார். நெவில் தானாகவே சொன்னார்.

"பெட்ரோல் கம்மியாப் போனா மெதுவாப் போவான்னு நெனச்சேன்."