ஏழாவது வரி

பழைய பிக்கப் வண்டி எப்போது நிற்கும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. மெக்கானிக்கின் கையில் கொடுத்தால் மட்டும் சமர்த்தாக ஓடும். கடைசியில் அவர் வண்டிக்காரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் மீட்டர்ல எத்தனை கிலோமீட்டர், மறுபடி கிளம்ப எத்தனை நிமிஷம்னு எழுதுங்கண்ணே."

அவன் எழுதினான். மனைவியை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேறு வண்டி இல்லை. போன முறை நடுவழியில் நின்று, அவளுடைய முறை தவறிவிட்டது. இன்னொன்று தவறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மெக்கானிக் டீசல் ஃபில்டரையும் பம்பையும் மாற்றிவிட்டு நோட்டைப் பார்த்தார். "ஆறு தடவைன்னீங்க, ஏழு வரி இருக்கே? இந்தக் கிலோமீட்டரை வண்டி இன்னும் தொடவே இல்லையே."

கையெழுத்து அவனுடையதுதான். எழுதிய ஞாபகம் இல்லை. மீட்டரில் இருந்ததைவிட முப்பத்தொன்று கூடுதல். நிமிடம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"தூக்கக் கலக்கத்துல கிறுக்கியிருப்பீங்க. இனிமே நிக்காது, தைரியமாப் போங்க."

அங்கிருந்து ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். பக்கத்தில் மனைவி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். "என்னங்க, மீட்டரையே முறைச்சா அது பயந்துடுமா? ரோட்டைப் பாருங்க."

இன்றைக்கு மட்டும் நிற்காதே என்று அவன் வண்டியை மனதுக்குள் கெஞ்சினான்.

அந்த எண் வந்தது. என்ஜின் ஒரு செருமல்கூட இல்லாமல் ஓடியது. எண் மாறியது.

"பாத்தியா, நிக்கல!" என்றான்.

அப்போதுதான், அவள் பேச்சு பாதியில் நின்றுபோயிருந்ததைக் கவனித்தான்.