பாதித் தண்ணீர்

“அம்மா, நீ தூங்குறப்ப எப்படி இருப்பே?” என்று சகாயமேரியின் மகள் ஒருமுறை கேட்டாள். சகாயமேரி வேலை பார்த்த பனியன் கம்பெனியில் யாருமே தூங்குவதில்லை. தினமும் ஆளுக்கொரு டம்ளர் விழிப்புக் கரைசல் குடித்தால் போதும். கம்பெனி ஆய்வகத்தில் அதைக் கலப்பவளே அவள்தான்.

“ஆர்டர் நெருக்குது. கரைசல்ல மருந்து ரெண்டு சதவீதம் இருக்கறத நாலாக்கிப் போடு,” என்றார் சூப்பர்வைசர் கனகசபை.

அவள் தலையை ஆட்டிவிட்டு, இருந்த கரைசலில் அதே அளவு தண்ணீரை ஊற்றி ஒரு சதவீதமாக்கினாள். வெளுத்துப்போன நிறத்தைக் கேசரிப் பவுடர் சரிக்கட்டியது.

நான்காம் நாள் மதியம் கனகசபை அவளைத் தையல் கூடத்துக்கு வரவழைத்தார். மாராத்தா என்பவள் மிஷின் மேலேயே சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னத்தக் கலந்தே?”

“தண்ணிதானுங்க.”

“வேல போயிரும், தெரியுமல்ல?”

“போனாப் போவுதுங்க. அடுத்து வர்றவகிட்டயும் தண்ணிக் குழாய் எங்க இருக்குதுன்னு சொல்லிட்டுத்தான் போவேன்.”

இந்தச் சத்தத்தில் மாராத்தா விழித்துக்கொண்டாள். கனகசபையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, மீதித் தூக்கத்துக்காக வீட்டைப் பார்த்து நடந்தாள்.