எட்டரை மணி மீட்டிங்

“எட்டரைன்னா எட்டரை. இப்ப மணி என்ன?”

“எட்டு முப்பத்தேழு” என்றார் அவர், தலையைக் குனிந்தபடி. பாட்டில் மூடித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தபோதுகூட இப்படித் திட்டு வாங்கியதில்லை.

“வேலை தேடுறதும் ஒரு வேலைதாங்க. நேரத்துக்கு வரணும்.”

அவர் வரவேண்டிய தூரம் படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை. பதினோரு அடி இருக்கும். திட்டியது மேனேஜர் இல்லை, மனைவி. பெரிய அலுவலகம் ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவுக்காரி. ஊரார் எல்லாருக்கும் வேலை போட்டுக்கொடுக்கிறவள், சொந்தப் புருஷனை ஒரு வழி பண்ணாமல் விடுவாளா?

தொழிற்சாலையை மூடி ஐந்து மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் அவர் ஆற அமர யோசித்தார், பெரும்பாலும் படுத்துக்கொண்டு. அதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்த மனைவிக்குத் திடீரென்று ஒருநாள் வேகம் பிறந்தது. சுவரில் சார்ட் ஏறியது.

‘தொழில் மாற்றம்: பத்து வாரத் திட்டம்.’ வாரத்துக்கு எட்டு விண்ணப்பம் சிவப்பு மையில், தினமும் இரண்டு பழைய நண்பர்களுக்குப் போன் நீல மையில். தெரிந்தது, பிடித்தது, கிடைக்கக்கூடியது என்று மூன்று கட்டம் வேறு. ‘பிடித்தது’ கட்டத்தில் அவர் நேர்மையாகத் ‘தூக்கம்’ என்று எழுதப்போய், இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இது ஒன்பதாவது வாரம்.

“போன வாரம் எட்டு அப்ளிகேஷன் போட்டீங்களா?”

“நாலு போட்டேன். மீதி நாலு பாதி எழுதி வெச்சிருக்கேன்.”

“நல்லது. பாதிச் சம்பளம் குடுப்பாங்க, வாங்கிக்கங்க.”

அவர் சார்ட்டைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னிக்கு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்குக் கடைசி நாள். நாற்பத்தாறு வயசுல இனிமே இப்படி ஒண்ணு அமையாது. போய்ப் பதிஞ்சிட்டு வாங்க.”

“அங்கே போய் வரிசையில நிக்கணுமா? தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?”

உத்தியோகம் புருஷ லட்சணம். அது போனபிறகு மிச்சமிருந்த லட்சணத்தைப் பத்துப் பேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த அவருக்கு மனசில்லை.

“பார்க்கிறவங்களும் அதே வரிசையிலதானே நிப்பாங்க? போர்டுல ஒன்பது மணின்னு போட்டிருக்கும், நம்பாதீங்க. ஒன்பதே காலுக்குத்தான் கதவைத் திறப்பாங்க. மூணாவது கவுன்ட்டருக்குப் போங்க, அவர்தான் எரிஞ்சு விழமாட்டார். பேனா எடுத்துட்டுப் போங்க. அங்கே கட்டி வெச்சிருக்கிறது எழுதாது.”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“என் வேலை என்ன, உங்க வேலை என்ன? சொன்னதைச் செய்யுங்க.”

சாப்பாட்டு டப்பாவைக் கைப்பைக்குள் வைத்தவள், வாசலில் நின்று திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“இந்த வீட்ல இருக்கிறது ரெண்டே பேர். நீங்க சீக்கிரம் எந்திரிச்சு நின்னுடணுங்க. என்னை நம்பியே உட்கார்ந்திருக்காதீங்க.”

வழக்கமான குத்தல் என்றுதான் அவர் நினைத்தார். ஆனாலும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அவள் வேலை ஒன்றுதான் அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் போனால் இரண்டு பேரும் தெருவில்தான். அவள் எட்டே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினாள். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

கதவு ஒன்பதே காலுக்குத் திறந்தது. கட்டி வைத்திருந்த பேனா எழுதவில்லை. இத்தனை விவரம் தெரிந்தவளைக் கட்டிக்கொண்டதற்குத் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு, மூன்றாவது கவுன்ட்டரில் போய் நின்றார். கண்ணாடி போட்ட குமாஸ்தா உண்மையிலேயே எரிந்து விழவில்லை.

“முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?”

“பாட்டில் மூடி சரியாத் திறக்குதான்னு பார்க்கிற வேலை சார்.”

“பத்தொன்பது வருஷமாவா?”

“என் கையில வந்து திறக்காமப் போன மூடி கிடையாது.”

“அப்புறம் ஏன் கம்பெனியை மூடினாங்க?”

குமாஸ்தா சிரித்துக்கொண்டே விலாசம் கேட்டார். அவர் கதவு எண், தெரு, மாடி எல்லாம் சொன்னார். கணினியில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“இந்த வீட்டுக்கு இப்பதான் குடி வந்தீங்களா?”

“பன்னிரண்டு வருஷமா அங்கதான் சார் இருக்கோம்.”

“வீட்ல எத்தனை பேரு?”

“நானும் என் வீட்டம்மாவும்தான். அவங்களுக்கென்ன சார், பெரிய ஆபீஸ், ஆள் எடுக்கிற பிரிவு! அவங்க வேலை இருக்கிற தைரியத்துலதான் நான் இந்த வயசுல தொழிலையே மாத்துறேன்.”

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் நெஞ்சு நிமிர்ந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சற்று உரக்கச் சொன்னார்.

குமாஸ்தா கணினித் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், இதே விலாசத்துல ஒரு அம்மா வேலை கேட்டுப் பதிஞ்சு ரெண்டு மாசமாச்சே!”