தேவை: மஞ்சள் முகப்பு விளக்கு

இன்னும் மூன்று மணி நேரம்தான் இருந்தது. அதற்குப் பிறகு பொன்னி என்பவளின் விளம்பரம், யாருடைய அனுமதியும் இல்லாமல், தானாகவே ஏறிவிடும்.

கடலூர் பழைய கார் கிளப்பின் இணைய மன்றத்தில் விதி அப்படி. புதிதாகச் சேர்ந்தவரின் விளம்பரம் ஏழு நாள் காத்திருக்கும். அதற்குள் தகுந்த காரணம் சொல்லித் தடுக்காவிட்டால், கிளப்பில் உள்ள அத்தனை பேரும் அதைப் பார்த்துவிடுவார்கள்.

மன்றத்தை நிர்வகிக்கும் இசைவாணி இரண்டு முறை தடுத்துவிட்டாள். முதல் முறை, விளம்பரத்தில் போன் நம்பர் இருந்தது. இரண்டாம் முறை, உறுப்பினர் எண்ணை எழுதிக் காரின் மேல் வைத்து எடுத்த படம் இல்லை.

இரண்டு முறை தடுக்கப்பட்டவர் கிளப் தலைவரிடம் முறையிடலாம். அதன்பின், அந்த ஏழு நாளுக்குள் தலைவர் படித்துப் பார்த்து நீக்கச் சொன்னால்தான் விளம்பரம் நிற்கும். பொன்னி முறையிட்டுவிட்டாள். தலைவர், இசைவாணியின் அப்பா கொளஞ்சியப்பன்.

"யாரு பாப்பா இந்தப் பொண்ணு? காலையிலேர்ந்து நாலு மெசேஜ்." கார் துடைக்கும் துணியோடு உள்ளே வந்தார். வாசலில் அவருடைய அம்பாசடர் ஒரு கண் மஞ்சளாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் நின்றது. போன மாதம் இசைவாணி சிதம்பரத்தில் தோழியின் கல்யாணத்துக்கு அதை எடுத்துப் போனாள். திரும்பும்போது மாடு முட்டி ஒரு விளக்கு உடைந்துவிட்டது.

"அந்த மாட்டுக்கு மட்டும் நம்ம கிளப்புல மெம்பர்ஷிப் கெடையாது," என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இசைவாணி சிரிக்கவில்லை. "புவனகிரியாம்ப்பா. எனக்குச் சரியாப் படல. யார்கிட்ட பழைய கார் இருக்கு, எங்க நிறுத்துவாங்கன்னு எல்லார்கிட்டயும் கேக்குறா. வெலய மட்டும் கேக்கவே இல்ல."

கொளஞ்சியப்பனின் முகம் இறுகியது. போன வருடம் ஒருவன் இப்படித்தான் மன்றத்தில் சேர்ந்து, மேல்பட்டாம்பாக்கம் லூர்துசாமியின் விலாசத்தை வாங்கினான். ஒரே வாரத்தில் லூர்துசாமியின் கார் செங்கல் மேல் வெறும் கூடாக நின்றது.

"தூக்கிடு அவள. ஆமா, அந்தப் போட்டோ ரூல் புதுசா இருக்கே?"

"போன வாரம் சேத்தேம்ப்பா. நீங்க ஓகே சொன்னா இப்பவே நீக்கிடுறேன்."

"பாக்காம எப்பிடி ஓகே சொல்றது? தலைவர் படிச்சிட்டுத்தான் நீக்கணும்னு நீதான எழுதி வெச்ச? காட்டு."

அவள் லேப்டாப்பை மெதுவாகத் திருப்பினாள்.

ஒரே ஒரு படம். வெள்ளைத் துணியின் மேல் உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் கண்ணாடித் துண்டு. கீழே ஒரு வரி: 'இந்தக் கண்ணாடி உள்ள கார் வேண்டும்.'

"அட, நம்ம லைட்டு!" கொளஞ்சியப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "பாண்டிச்சேரில சொல்லி வெச்சு வாங்குனது. ஜில்லாவுலயே வேற யாருகிட்டயும் கெடையாது. ரோட்டுல கெடந்ததப் பொறுக்கி வெச்சிக்கிட்டு நம்ம வண்டிக்கே குறி வெக்கிறாளா? அந்த நம்பரக் குடு."

"வேணாம்ப்பா. பேசுனா நம்ம வீடு தெரிஞ்சிடும். தூக்கிடலாம்ப்பா."

"பயப்படாத பாப்பா. நான் இருக்கன்ல."

தடுக்கப்பட்ட பழைய விளம்பரத்திலேயே நம்பர் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"கார் கிளப்லேர்ந்து பேசறேன். ஒன்னோட காரு என்ன மாடலு?"

"எங்கிட்ட காரு இல்லீங்க."

"காரு இல்லாதவளுக்குக் கார் கிளப்புல என்னா வேல? எந்தக் கூட்டம் நீ? எத்தினி பேரு?"

"ரெண்டு பேருங்க. நானும் எங்கம்மாவும்." குரல் உயரவே இல்லை. "எங்கப்பா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாருங்க. இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டாங்க. அந்தக் கண்ணாடி அவரு சட்டையில குத்திக்கிட்டு இருந்துச்சி. டேசன்ல வண்டி நம்பர் கேக்குறாங்க. நம்பருக்கு நான் எங்க போவேன்? அதான் கண்ணாடிய வெச்சித் தேடுறேன்."

கொளஞ்சியப்பன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இப்ப எப்பிடிம்மா இருக்காரு?"

"காரியம் முடிஞ்சி போச்சிங்க."

அவர் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

"தப்பாப் பேசிட்டம்மா, மனசுல வெச்சிக்காத. நான் எதையும் மறைக்கல. அந்தக் கண்ணாடி எங்க வண்டியிலயும் இருந்துச்சி. ஆனா அது மாடு முட்டி ஒடஞ்சது. எம் பொண்ணுதான் ஓட்டிக்கிட்டு வந்தா. அவ பொய் பேச மாட்டா. அவளே சொல்லுவா, கேட்டுக்க."

போனை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். இசைவாணி அதை வாங்கவில்லை. வாசலில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு பாப்பா."

"அது மாடு இல்லப்பா."