டிரையருக்குப் பின்னால்

சலவைக்கடையில் நிறுத்திவைத்த டிரையருக்கும் சுவருக்கும் நடுவே கடைக்காரர் மனைவியின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன. உள்ளே டார்ச் வெளிச்சம் அலைகிறது. கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். மருத்துவமனைப் படுக்கைவிரிப்புகள் இரண்டு முறை சுழன்றும் ஈரம் போகவில்லை. மதியம் வண்டி வருவதற்குள் காயாவிட்டால் அந்த வேலை வேறு கடைக்குப் போய்விடும். “சூட்டைக் கூட்டிப் பார்க்கலாமா?” என்கிறார். “சூடு இருந்து என்ன, ஈரக்காத்து வெளியே போகணுமே. இந்தக் குழாயை நசுக்கினது யாருங்க?” திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழிக்கிறார். நேற்று டிரையரைச் சுவரோடு ஒட்டித் தள்ளியவர் அவர்தான். “இஸ்திரி போட இடம் பத்தலைன்னு சொன்னியேன்னு...” பின்னாலிருந்து சிரிப்பு வருகிறது. “என் மேல பாசம்னா, அதோட கழுத்தையா நெரிக்கிறது? முன்னால இழுங்க.” தம் பிடித்து இழுக்கிறார். அவள் குழாயைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பஞ்சைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் எடுத்து வைக்கிறாள். பிறகு குழாயை வளைவில்லாமல் நேராகப் பொருத்துகிறாள். புருவமெல்லாம் பஞ்சு. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு அழகாக இருந்ததாக அவருக்கு நினைவில்லை. டிரையர் மறுபடி சுழல்கிறது. “வெளியே போய்ப் பாருங்க.” தெருப்பக்கச் சுவரில், அந்தக் குழாயின் வாயில் காலையில் அசைய மறுத்த தகர மூடி இப்போது முழுதாகத் திறந்து நிற்கிறது, சூடான காற்று முகத்தில் அறைகிறது. “வருதா?” “வருது. வாரின தலையே கலைஞ்சுபோச்சு.” “இருக்கிற நாலு முடிக்கு அது வேறயா?” வண்டியின் ஹாரன் கேட்கும்போது அவள் கடைசி விரிப்பை உருவியெடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள்; பிறகு அவர் கன்னத்தில் வைக்கிறாள். சருகாகக் காய்ந்திருக்கிறது.