டக்கருக்கு மாத்திரை

"நாய்க்கு எத்தனை நாளா காய்ச்சல்?" அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஒரு சின்ன ஊர்க் கால்நடை மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருந்த டெசா கேட்டாள்.

"நாலு நாளா. விடாம இருமுது," என்றார் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் ராய்ஸ்.

"பேரு? எடை?"

"டக்கர். நூத்திப் பத்து பவுண்டு."

"பெரிய நாய்தான். கூட்டிட்டு வரலையா சார்?"

"வண்டியில இருக்கு. எறங்கத் தெம்பில்ல."

உள்ளேயிருந்து டாக்டர் லின்னியா வந்தார். "போன தடவை கொடுத்த மாத்திரை கேக்கலையா, ராய்ஸ்?"

"இல்ல டாக்டர்."

"இருமினா ரத்தம் வருதா?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நேத்துலேர்ந்து."

"இனி என் கையில இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"வீட்டை வித்தாலும் அதுக்குப் பத்தாது டாக்டர். அந்த மாத்திரையையே இன்னொரு தடவை கொடுங்க."

டாக்டர் அலமாரியிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டினார். ராய்ஸ் வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

"நாயைப் பாக்காமலே கொடுத்துட்டீங்களே மேடம்," என்றாள் டெசா.

"டக்கர் செத்து ஒரு வருஷமாச்சு. கடைசி ஊசி போட்டதே நான்தான்."

"அப்ப மாத்திரை?"

"சொந்தத் தொழில்காரர். ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டணம் சம்பாத்தியத்துல பாதியை முழுங்குதுன்னு ஜனவரியில கட்டறதை நிறுத்திட்டாரு," என்று டாக்டர் ஜன்னலைக் காட்டினார்.

வண்டியின் முன்சீட்டில் ராய்ஸின் மனைவி கண்ணாடியில் தலைசாய்த்துக் கிடந்தாள். ராய்ஸ் கதவைத் திறக்கவில்லை. வெளியிலேயே நின்று, புட்டியில் ஒட்டியிருந்த நாய்ப் படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.